கேட்டு நடந்த வழி

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. கொடியில் போட்ட சுடிதார் இன்னும் ஈரம். நெட்வொர்க் கிடைக்கும் என்றுதான் அட்டுவம்பட்டியில் இந்த அறையை எடுத்தது. இன்று அதுவும் ஜன்னலோரம் மட்டும்.

செய்ய வேண்டியவை:
– நிலச் சட்டம், வழியுரிமைப் பாடம்
– தொழில் ஒழுக்க விதிகள் (மறுபடியும்)
– அம்மாவுக்கு முட்டிவலித் தைலம்
– ஹீட்டர். ஓனரக்காவிடம் மறுபடி சொல்ல வேண்டும்

ஹீட்டருக்காகக் கீழே போனால் ஓனரக்கா என்னை விசாரித்தார். "சொலிசிட்டர்னா வக்கீல்தானே? நீதான் ஏற்கெனவே வக்கீலாச்சே. மறுபடி எதுக்குப் படிப்பு?" இங்கிலாந்தில் வேலை பார்க்க அந்த ஊர்ப் பரீட்சை எழுத வேண்டும், ஜனவரியில் சென்னையில் நடக்கிறது, அதற்குத்தான் இந்த ஆன்லைன் முதுநிலை டிப்ளமோ என்றேன். "அப்ப இங்க படிச்ச சட்டமெல்லாம்?" என்றார். ஹீட்டர் பேச்சு அதோடு போனது.

மத்தியானம் சீனியர் போன். பரீட்சை முடியும்வரை அவர் ஆபீசுக்கு லீவு சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் காட்டிலிருந்து ரோட்டுக்குப் போகும் வழிக்காக அப்பா போட்ட வழக்கு அவரிடம்தானே இருக்கிறது. "வியாழக்கிழமை அப்பாவுக்குக் குறுக்கு விசாரணைம்மா. எனக்குத் திண்டுக்கல்ல சோலி கெடக்கு. நீ ஒரு தடவ அவரோட உக்காந்து பேசிரு."

"சாட்சிக்குச் சொல்லிக்குடுக்கக் கூடாதுல்ல சார்?"

"என்னம்மா, இப்பவே லண்டன் போயிட்டியா?" சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. இவர்களுக்கெல்லாம் ஒழுக்க விதி என்றால் சிரிப்பு. வைத்துவிட்டு ஒழுக்க விதிகளையே படித்தேன், வீம்புக்கு.

நவ. 4, செவ்வாய்

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. போன் வெளிச்சத்தில் உப்புமா.

சாயங்காலம் வகுப்பு. அங்கே அவர்களுக்கு மத்தியானம். டியூட்டர் அம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தார், நானும்தான். குளிரில் மட்டும் நாங்கள் சமம்.

பாடம்: அடுத்தவன் நிலத்தில் நெடுங்காலம் நடந்தால் வழியுரிமை வரும். ஆனால் உரிமையோடு நடந்திருக்க வேண்டும். அடாவடி கூடாது, ஒளிந்து போகக் கூடாது, அனுமதி பெற்றும் போகக் கூடாது. அனுமதி கேட்டு நடப்பவனுக்கு எத்தனை காலம் நடந்தாலும் உரிமை வராது. நம் சட்டத்திலும் கிட்டத்தட்ட இதேதான். அவர்களிடமிருந்து வந்ததுதானே.

கடைசியில் கேள்வி. ஒரு விவசாயி, பக்கத்துத் தோட்டத்து வழியாக நெடுங்காலமாக நடக்கிறான், ஒவ்வொரு முறையும் உடைமையாளரிடம் கேட்டுக்கொண்டு. அவனுக்கு உரிமை உண்டா? இல்லை என்று போட்டேன். பச்சை டிக். அடுத்த கேள்விக்குப் போனேன்.

தைலம் வாங்க மறந்தாயிற்று.

நவ. 5, புதன்

மாதிரித் தேர்வின் நடுவில் கதவைத் தட்டும் சத்தம். ஹெட்போனில் முதலில் கேட்கவில்லை. திறந்தால் அப்பா, தலையில் துண்டு, கையில் ஒரு பை பீன்ஸ், இரண்டு சீப்பு மலைவாழை. எங்கள் ஊர் பேத்துப்பாறையிலிருந்து வெள்ளனே கிளம்பியிருக்கிறார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி திரைக்குப் போனேன். முடிக்கும்வரை கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தார். செருப்பை அறைக்கு வெளியே இல்லை, மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

முடித்ததும் கேட்டார். "நாளைக்கு என்ன கேப்பாங்க பாப்பா?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நான் எதும் ஏறுக்குமாறாப் பேசிரக் கூடாதுல்ல. நீ ஒருக்கா கேட்டுப் பாரேன்."

பரீட்சை மிதப்பில் இருந்தேன். சாட்சிக்கு வக்கீல் பாடம் சொல்லித் தரக் கூடாது, அது பெரிய தப்பு, அங்கெல்லாம் லைசென்சே போய்விடும் என்று ஒரு சொற்பொழிவு. உண்மையை மட்டும் சொன்னால் போதும் என்று முடித்தேன்.

"அது நல்ல சட்டமாத்தான் இருக்கு," என்றார். அவருக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது. டீ போடுகிறேன் என்றால் வேண்டாம் என்றார். "நீ படி. பஸ்ஸு போயிரும்."

எழுதி வைக்கிறேன்: ஒழுக்கம் பாதி, சோம்பல் பாதி. இன்னொரு மாதிரித் தேர்வு பாக்கி இருந்தது. அதை எழுதினேன், நல்ல மார்க்.

நவ. 6, வியாழன்

கோர்ட். வெயில், நாலு நாளில் முதல் தடவை.

அப்பா வெள்ளைச் சட்டை, தேய்த்தது. வா.சா.1, அதாவது வாதி தரப்பு முதல் சாட்சி. நான் கவுன் இல்லாமல் பின்வரிசையில், மகளாக மட்டும்.

எதிர்த்தரப்பு என்றால் காட்டேஜ்காரர். எங்கள் பீன்ஸ் காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த பழனியப்பன் மாமா காடு, அவர் செத்தபிறகு கைமாறி, காட்டேஜ் கட்ட வாங்கிய இந்தக் கோயம்புத்தூர்க்காரரிடம் போனது. அவர் கம்பிவேலி போட்டு வழியை அடைத்தார். அதிலிருந்து பீன்ஸ் மூட்டை ஓடையைச் சுற்றி, பேச்சி அத்தை காடு வழியாகத்தான் தலைச்சுமையாகப் போகிறது. அப்பாவுக்கு முதுகு போய்விட்டது.

அவர்களுடைய வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி பேசினார்.

"பழனியப்பன் காட்டு வழியா ரொம்பக் காலமாப் போறீங்களாய்யா?"

"எங்கப்பா காலத்துல இருந்துங்க."

"சொல்லாம கொள்ளாம நுழைஞ்சிருவீங்களோ?"

அப்பாவின் முகம் மாறியது. திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி. "அதெப்பிடிங்க? அடுத்தவுக காடு. வாசல்ல நின்னு குரல் குடுத்து, போய்க்கிறட்டுங்களான்னு கேட்டுத்தான் போவோம்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையுந்தாங்க."

"அவர் வேணாம்னு சொல்லியிருந்தா?"

"சொல்ல மாட்டாருங்க. நல்ல மனுசன்."

"சொல்லியிருந்தா?"

"சொன்னா எப்பிடிங்க போறது? திரும்பித்தான் வருவோம்."

சாட்சியத்தை டைப் அடிக்கும் சத்தம். பச்சை டிக் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கேள்வியில் வந்த விவசாயி யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சீனியர் எழுந்து, உரிமை என்று நினைத்துத்தானே போனீர்கள் என்று கேட்டார். பதிலைக் கேள்வியிலேயே கொடுக்கிறார் என்று அந்த வக்கீல் ஆட்சேபம். நீதிபதி ஏற்றுக்கொண்டார். அவ்வளவுதான்.

வெளியே வந்து அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "நல்லாச் சொன்னேனா பாப்பா?"

நல்லாச் சொன்னீங்கப்பா என்றேன்.

நவ. 7, வெள்ளி

படிக்க முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்து மூடியதுதான் மிச்சம்.

பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நினைவு வந்தது. அப்பா ஆளே இல்லாத காட்டுக்கும் குரல் கொடுப்பார். சின்ன வயதில் அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். பழனியப்பன் மாமா சந்தைக்குப் போயிருப்பார், வீடு பூட்டியிருக்கும். அப்பா நின்று "வாரோம், போய்க்கிறட்டுங்களா" என்பார். பதில் வராது. ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டார், போய்க்கொண்டே இருப்பார். யாருமே இல்லையேப்பா என்றால், "அதுக்காக?" என்பார்.

எங்கள் பக்கம் எல்லோரும் இப்படித்தான். காய் திருட வந்தவன் இல்லை என்று தெரிய வேண்டும், நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குளிக்கிற பெண்கள் சேலையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் குரல். அனுமதிக்கு இல்லை. யாருமில்லாத காட்டிடம் யார் அனுமதி கேட்பார்கள்? இந்த ஒரு விஷயம் போதும், வழக்கு நின்றிருக்கும். சீனியர் டவுன்காரர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முன்னால் அனுப்பியிருக்கலாம். எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

சீனியருக்குப் போன் செய்து சொன்னேன். "சாட்சியத்துல இல்லாததை வாதத்துல சொல்ல முடியாதேம்மா," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒழுக்க விதிகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாட்சியின் வாயில் சொல்லைத் திணிக்கக் கூடாது. விசாரணை எப்படி நடக்கும் என்று விளக்கலாம், அவருக்குத் தெரிந்ததை முழுக்கக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்த வரியில் மஞ்சள் கோடுகூடப் போட்டிருக்கிறேன். போட்டது நான்தான்.

நவ. 9, ஞாயிறு

பேத்துப்பாறை. அம்மா கோழி அடித்திருந்தாள். தைலம் கொண்டுபோனேன், வேறு பிராண்டு, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா கோர்ட் கதையைப் பேச்சி அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சொல்லாம நுழைஞ்சிருவீங்களோன்னு கேக்குறாரு. விட்ருவனா? நாங்க அப்பிடிப்பட்ட ஆளுக இல்லைன்னு போட்டேன் ஒரு போடு." அத்தை கையைத் தட்டிச் சிரித்தார். நான் சோறு போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

சொல்லவில்லை. தீர்ப்பு வரட்டும்.

டிச. 16, செவ்வாய்

உறைபனி. ஓனரக்கா வீட்டு ஸ்கூட்டர் சீட் வெள்ளை வெளேர்.

தீர்ப்பு. வழக்கு தள்ளுபடி. சீனியர் போனில் படித்துக் காட்டினார். "வாதியே ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுச் சென்றதாகவும், மறுத்திருந்தால் சென்றிருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டுள்ள நிலையில்." மேல்முறையீடு போகலாம், ஆனால் அப்பா வாயால் சொன்னது அங்கேயும் கூடவே வரும் என்றார்.

இன்றைக்குப் பாடம்: ஒப்பந்தச் சட்டம். எதுவும் ஏறவில்லை.

டிச. 17, புதன்

ஊருக்குப் போய் நானே சொன்னேன். அப்பா வீட்டையொட்டிய பாத்தியில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"என்னத்துல தோத்தோம்?"

விளக்கினேன். சுற்றி வளைத்து. அவர் சுருக்கிவிட்டார். "நான் கேட்டேன்னு சொன்னதுல."

"ஆமாப்பா."

"கேக்காம நடந்திருந்தா வழி நமக்கு."

"கிட்டத்தட்ட."

"இது அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவர் அடுத்த குச்சியை எடுத்தார். வாசல் அடுப்பில் இருந்த அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்த்தாள். மேல்முறையீட்டைப் பற்றிச் சொன்னபோது அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். மறுபடி அதே கேள்வியைக் கேட்டால் மறுபடி அதையேதான் சொல்வாராம்.

கடைசி பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, காது வலி.

டிச. 20, சனி

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பிரிண்ட் எடுக்க வேண்டும். சென்னையில் சித்தி வீட்டில் தங்கல், பேசியாயிற்று.

மத்தியானம் ஊருக்கு. பஸ் இறங்கும் இடத்தில் பேச்சி அத்தை பிடித்துக்கொண்டார். கேரட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார், கண் கலங்கியிருந்தது.

"ஏத்தா, உங்கப்பாவுக்கு எங்க மேல என்ன கோவம்?"

"ஒண்ணுமில்லையே அத்தை. ஏன்?"

"மூணு நாளா நம்ம காட்டு வழியாத்தான் மூட்டை தூக்கிட்டுப் போறாரு. ஒரு சத்தம் இல்ல. நான் அங்கனதான் நிக்கிறேன், ஆளைப் பாக்காத மாதிரி போறாரு. நாங்க என்ன தப்புப் பண்ணோம்? மருமக ஏதும் சொல்லிட்டாளான்னு அவளையும் வைஞ்சுட்டேன்."

வீட்டில் கேட்டேன். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பேச்சி நல்லவதான். நாளைக்கு அவ மகன் வித்துட்டான்னா? வாங்குறவன் வேலி போட்டான்னா? கேட்டுக் கேட்டுப் போனவனுக்குப் பாதை இல்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. இந்த வழியாவது நமக்கு இருக்கட்டும்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு? தொண்டை வரைக்கும் வந்துருது பாப்பா. முழுங்கிட்டுப் போறேன்."

சட்டம் அவருக்கு என்னைவிட நன்றாகப் புரிந்துவிட்டது. இதற்கா படித்தேன் என்று இருக்கிறது.

டிச. 21, ஞாயிறு

வெயில். அப்பாவுக்கு முதுகு என்பதால் ஒரு மூட்டையை நான் எடுத்துக்கொண்டேன். தலையில் சும்மாடு நிற்கவில்லை, அம்மா சிரித்தாள். ஓடையைத் தாண்டி ஏற்றம். அப்பா முன்னால், நான் பின்னால்.

பேச்சி அத்தை காடு. நுழைகிற இடத்தில் அப்பாவின் நடை லேசாகத் தயங்கியது, பழக்கம். வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். நானும் திறக்கவில்லை. கூப்பிட்டால் அவர் முழுங்கியதெல்லாம் வீண். கூப்பிடாவிட்டால் அத்தைக்கு மனசு நோகும்.

அத்தை கேரட் பாத்தியில் குனிந்திருந்தார். எங்களைப் பார்த்தார். நிமிர்ந்து, கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"போங்கண்ணே, போங்க."

அப்பா நிற்கவில்லை. மூட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். கேட்காமலே அனுமதி வந்துவிட்டது.