மூன்றாம் எண் தகட்டில் இருப்பது என் தோல் அன்று

அனுப்புநர்:
பொதென்சியானா அபுயென், வயது 27,
பெண்கள் விடுதி, இரண்டாம் கூடம்,
சான் எர்மெனெகில்தோ தீவுத் தொழுநோய்க் குடியிருப்பு,
பிலிப்பைன்ஸ்.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
மேற்படி குடியிருப்பு.

பொருள்: செப்டம்பர் மாதத் தோல் கீறல் சோதனையில் ஆள் மாறியது – இருவருக்கும் மறுசோதனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கிருமி இல்லையென்று வந்தவர்களே ஊர் திரும்பக் கப்பலேறலாம் என்பது இங்குள்ள விதி. நானும் என் பக்கத்துப் பாய்க்காரி ருஃபினா மக்பந்தாயும் பதினோரு மாதம் முடித்திருந்தோம். கடந்த ஒன்பதாம் தேதி பன்னிரண்டாவது சோதனை நடந்தது. நேற்று பட்டியல் ஒட்டினார்கள். எனக்குக் கிருமி இல்லையாம், அவளுக்கு இருக்கிறதாம்.

2. சோதனை அறை எழுத்தர், நாங்கள் அமர்ந்திருக்கும் வரிசையைப் பார்த்து, கண்ணாடித் தகடுகளில் முன்கூட்டியே எண் எழுதி அடுக்கிவிடுகிறார். காதுமடலைக் கீறித் தகட்டில் தடவுபவர் பெயர் கேட்பதில்லை. அன்று மூன்றாம் இருக்கையில் இருந்த என் கண்ணில் வெயில் அடித்தது. நான்காவதில் இருந்த ருஃபினா, "நீ இங்க வாக்கா, நான் அங்க உக்காந்துக்கறேன். யாரு காதை முதல்ல அறுத்தா என்ன, கறிக்கா ஆகப்போகுது?" என்று சிரித்தபடி இடம் மாறினாள். எண்களை யாரும் மாற்றவில்லை.

3. அந்த அறையைக் கூட்டித் துடைப்பவள் நான். எண் முதலிலேயே எழுதப்படுவது ருஃபினாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கத்தி பட்டதும் அவள், "ஐயோ, மெதுவா!" என்று கத்தினாள். என் இடது காதில் பட்டதோ எனக்குத் தெரியவே இல்லை. முந்தைய மாதம் வரை கீறினால் வலித்த காது அது. நோய் என்னை விடவில்லை என்று அப்போதே புரிந்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. ஆகவே இப்புகாரில் பாதி எழுத்தர் மீது, பாதி என் மீது.

4. வியாழக்கிழமை கப்பல். என் மகன் செவெரினோவை ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே என்னிடமிருந்து பிரித்து, மணிலாவில் ஒரு குழந்தைகள் விடுதியில் விட்டார்கள். இப்போது மூன்று வயது. பக்கத்தில் படுப்பவரின் காதைப் பிடித்துக்கொண்டால்தான் அவன் உறங்குவானாம். அங்குள்ள கன்னியாஸ்திரிகள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. போகவும் பயமாக இருக்கிறது, போகாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. ருஃபினாவோ, "பரவால்லக்கா, நீயாவது போய்ப் புள்ளயப் பாரு" என்று சொல்லி, தன் நல்ல பாவாடையை என் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

5. எனவே, வியாழனுக்கு முன் எங்கள் இருவரின் காதையும் மீண்டும் கீறிப் பார்க்கவும், இனிமேல் ஆளின் பெயரைக் கேட்ட பிறகே தகட்டில் எண் எழுத உத்தரவிடவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

6. என்னை நேரில் அழைத்து விசாரித்தால், இம்மனுவை நான் எழுதவே இல்லை என்று சாதிப்பேன். அழுவேன். மகனின் பெயரைச் சொல்லிக் காலில் விழுவேன். தயவுசெய்து நம்பாதீர்கள், ஐயா. கீறுங்கள்.

அச்சத்துடன்,
பொதென்சியானா அபுயென்
(கையொப்பம்)

இடம்: சான் எர்மெனெகில்தோ தீவு
நாள்: 24-9-1935