மரம் வெட்டும் நாள்

சேசு மரி சூசை துணை

உப்பளம், புதுச்சேரி
11 அக்டோபர் 1981

அன்புத் தம்பி ஆந்த்ரேவுக்கு அக்காள் ஜோசெத் ஆசீரோடு எழுதிக்கொள்வது. நானும் உன் பெண்சாதி ஏலேனும் இங்கே சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய். பிரான்சில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்து அழகு பார்க்காதே.

உன் கடிதம் கிடைத்தது. பட்டாளத்தில் இருந்து இருந்து எனக்கும் உத்தரவுதான் போடுகிறாய். மழைக்கு முன்னால் கொல்லையில் இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும், நம்பிக்கையான ஆளாகப் பார்த்து வேலை கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். அந்த நம்பிக்கையான ஆளை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று மட்டும் எழுதவில்லை. ஏலேனைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் விசாரித்ததாகச் சொல் என்று. சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதலில் வந்தவர் மேட்டுப்பாளையம் பக்கம் மரவாடி வைத்திருக்கும் இராமதாஸ். சலவைச் சட்டை, கையில் கடிகாரம். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டு மரம் என்றதும் ஆசையாக ஓடி வந்திருக்கிறார். கிளைகளை அண்ணாந்து பார்த்த நேரத்தைவிட அடிமரத்தை முழம் போட்ட நேரம்தான் அதிகம். கழித்துவிட்டால் போதும் என்றேன். "முழுசாக் குடுத்துடுங்கம்மா, லாரி உள்ள வரதுக்கு மதிலை மட்டும் கொஞ்சம் இடிச்சுக்கறோம்" என்றார். அப்பா கட்டிய மதில் அவருக்குக் கொஞ்சமாம்! வந்த வழியே போகச் சொல்லிவிட்டேன்.

அடுத்து கலியமூர்த்தி என்று ஒருவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். காலையிலேயே சாராய வாடை. ஆகாது என்று மனசு சொன்னது. ஆனால் கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் ஏறச் சொன்னேன். பின்கட்டு அறைக்கு மேலே நீண்டிருக்கிற பெரிய கிளையைப் பாதி அறுத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்று போனார்கள். அந்த டீக்கடை எந்த ஊரில் இருக்கிறதோ, இன்றுவரை திரும்பவில்லை. அறுத்த கிளை முறிந்து, பட்டை பிடித்த பிடியில் ஓட்டுக்கு மேலே தொங்கியது. அந்த அறையில் படுப்பவள் ஏலேன். கூடத்துக்கு வாடி என்றால், "பழகின இடம் அண்ணி" என்றாள். காற்று வீசும்போதெல்லாம் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது, ஜெபமாலை பாதியில் நின்றது. ஒரு வேலையிலும் மனசு நிற்கவில்லை தம்பி.

பிறகு நாலு பேரிடம் விசாரித்து, கோயில் தோட்டத்து மரங்களைக் கழித்துவிட்ட காத்தவராயன் என்பவரைக் காலாப்பட்டிலிருந்து வரவழைத்தேன். வந்ததும் அவர் மரத்தைத் தொடவில்லை. கயிற்றையும் அரிவாளையும் கீழே வைத்துவிட்டு, "இந்த வூட்ல யாராவது முழுகாம இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பச்சை மரத்தில் கத்தி வைக்க மாட்டாராம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். எனக்கு வந்ததே கோபம்! "நாங்க வேதக்காரங்க, இதெல்லாம் பாக்கறதில்ல. அப்படி யாரும் இங்க இல்ல, ஏறுய்யா" என்று கத்தினேன்.

அவர் கயிற்றை எடுத்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஏலேன் ஓடி வந்து அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏறாதீங்க" என்றாள். ஈரத் துணி மண்ணில் கிடந்தது.

நாலாம் மாதம் நடக்கிறது. நீ ஜூலையில் விமானம் ஏறியபோதே உன் பிள்ளை இங்கே தங்கிவிட்டது. வாந்தியைப் பித்தம் என்றாள், நானும் நம்பி இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஏன்டி மறைத்தாய் என்று கேட்டேன். இரண்டு பிள்ளைகள் கலைந்துபோன பிறகு நீ அவளிடம், "நின்ன பிறகு சொல்லு, அதுவரைக்கும் எனக்கு ஆசை காட்டாதே" என்றாயாமே. அதைச் சொல்லித்தான் அழுதாள். நீயும் துக்கத்தில் சொல்லியிருப்பாய், தெரியும். ஆனாலும் பாவி, அந்த ஒரு சொல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு அவள் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

காத்தவராயன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "முறிஞ்சது முறிஞ்சதுதான், அதை எறக்கித் தரேன். உசுரோட இருக்கறதுல கை வைக்க மாட்டேன்" என்றார். தொங்கிய கிளையைக் கயிறு கட்டி, ஒரு ஓடுகூட உடையாமல் இறக்கினார். மற்ற கிளைகளை அடிமரத்தோடு இழுத்துக் கட்டி, சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்திருக்கிறார். நேற்று காற்றோடு தூறல் போட்டது. கூப்பிடாமலே வந்து முடிச்சுகளை இறுக்கிவிட்டுப் போனார். நீ கேட்ட நம்பிக்கையான ஆள் கிடைத்துவிட்டார். மரத்தைத்தான் வெட்டவில்லை.

ஞானஸ்நானம் வாங்கி எத்தனை தலைமுறை ஆயிற்று, இந்தப் பயம் எனக்கும் விட்டபாடில்லை. மரம் விழுந்துவிடுமோ என்று ஒரு பயம், வெட்டினால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். ஏலேன் இப்போது கூடத்தில் என் பக்கத்தில் படுக்கிறாள். அவள் புரண்டு படுத்தாலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பிள்ளை நின்றுவிட்டது என்று உறுதியான பிறகுதான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள். நீ காத்திருக்காதே. மரத்தைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது. நிற்கிறதோ இல்லையோ, எனக்கும் ஆசை காட்டு என்று எழுது. அக்காள் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தால் தெரியட்டும், திட்டு நான் வாங்கிக்கொள்கிறேன்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்த பிறகு தானே வந்து மரத்தை வெட்டித் தருவதாகக் காத்தவராயன் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஏப்ரலுக்கு இப்போதே லீவு கேட்டு வை. அந்த மரத்தை வெட்டுகிற நாள் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீயும் அங்கே முழங்காலில் நின்று கேள் தம்பி.

உன் அக்காள்
ஜோசெத்