செடிக்கு வைத்த பேர் செசிலியானா

22-7-57, திங்கள்
ஆடிக் காத்து. காயவெச்ச செடித் தாளெல்லாம் பறந்து, பொறுக்கி அடுக்கவே மதியம்.

லால்குடியிலிருந்து செசிலி கார்டு! எழுதுவாள்னு அன்னைக்கே சொன்னேன். எல்லாமே நான் சொன்னபடிதான். நாலு மாசத்துக்கு அப்புறம் பெண்டாட்டி எழுதினது மூணு வரி. "கொள்ளிடக் கரையில் நீங்க கண்டுபிடிச்ச செடிக்கு ஃபாதர் என் பேர் வெச்சதா எழுதியிருக்கீங்க. ஞாயிறு வரேன். கண்ணால பார்க்கணும்."

எட்டு தடவை படிச்சாச்சு.

போனது எதுக்கு? அவ தங்கச்சி கல்யாணத்தில், காலேஜில் நான் தாவரவியல் புரொஃபசர்னு சொன்னேன். அங்கே செடி ஆராய்ச்சி பண்ற ஃபாதருக்கு எடுபிடி, வெறும் அட்டெண்டர்னு எவனோ போட்டுக் கொடுத்தான். "வாயில ஒரு நிஜம் வரட்டும், அப்புறம் பார்ப்போம்"னு போனவள்.

24-7-57, புதன்
லத்தீன் படிச்ச ஸ்ரீரங்கத்து ஐயங்கார் சாரைப் பிடிச்சேன். பொம்பளை பேரை லத்தீனில் அடைமொழி ஆக்கினால்?

"செடி ஸ்திரீலிங்கம்னா -ஆனா. புல்லிங்கம்னா -ஆனுஸ். ரெண்டும் இல்லேன்னா -ஆனும். நம்ம சம்ஸ்கிருதம் மாதிரிதான், ஓய்."

என் செடி அவுரி இனம், லத்தீனில் இண்டிகோஃபெரா. அது பெண். ஆக, இண்டிகோஃபெரா செசிலியானா.

"கெகிலியானான்னு சொல்லும். பழைய ரோம்ல அப்படித்தான்."

மாதா கோயில் பூசை லத்தீன்படி சேச்சிலியானா. மூணும் சொல்லிப் பார்த்தேன். லத்தீன் ஒரே நாளில் என் கைக்குள்ள. சாரே அசந்துட்டார்.

செசிலியானா - அவள்.
செசிலியானே - அவளுடைய, அவளுக்கு.
செசிலியானாம் - அவளை.
செசிலியானா (கடைசியில் இழுத்து) - அவளால்.
நாலு மாசமா என் நினைப்பும் இதே வேற்றுமை வரிசைதான்.

27-7-57, சனி
வாங்க: கத்தரிப்பிஞ்சு, காப்பித்தூள், மல்லி. வீடு கழுவணும். சட்டைக்குப் பொத்தான்.

28-7-57, ஞாயிறு
பூசை முடிஞ்சு டவுன் ஸ்டேஷன். இறங்கினாள். இளைச்சிருக்காள். டிரங்குப் பெட்டி இல்லை, துணிப்பை மட்டும். தங்க வரலை போல.

நேரா காலேஜ். சாவி என்கிட்டதானே. செடி ஒட்டின அட்டையை மேஜையில் வெச்சேன். கீழே சீட்டில் பேர், என் கையெழுத்து. விரல் வெச்சு எழுத்து எழுத்தாப் படிச்சாள்.

"இது நானா?"

"நீயேதான். ஐயங்கார் சார் கெகிலிங்கிறார்."

"அவர் வீட்டம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்க அப்படி!" சிரிச்சிட்டாள். அப்புறம் சட்டுனு, "ஃபாதரேவா வெச்சார்?"

"ஃபாதரேதான்."

"பெட்டியைத் தம்பி நாளைக்குக் கொண்டாருவான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போ உள்ளே சோறு வடிக்கிறாள். ஃபாதரைப் பார்த்து அவளே நன்றி சொல்லணுமாம், நாளைக்குக் காலையில்.

ஃபாதர் செடியைப் பார்த்தது நிஜம். "கரையெல்லாம் கிடக்கிற செடிப்பா, தூக்கிப் போடு"ன்னார். பேர் நான் வெச்சது.