சிவப்பு டின் செடிகள் ஆறும் செத்த செய்தி

ஏற்காடு,
8-2-1987, ஞாயிறு

அன்பு மகள் மைமூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தாவும் நானும் உடம்பில் பெரிய குறை ஏதும் இல்லாமல் இருக்கிறோம், என் மனசு எப்படி இருக்கிறது என்பது இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டு போனால் உனக்கே தெரியும். அத்தாவுக்குப் பனியில் இருமல், கடையில் இருக்கும் மிளகாய் மூட்டையைக் குற்றம் சொல்கிறார், பீடியைப் பற்றிப் பேச்சே இல்லை. லக்னோவில் குளிர் இதைவிடக் கடுமை என்று எழுதியிருந்தாய், கம்பளிச் சட்டையைப் பெட்டியில் மடித்துப் பத்திரப்படுத்தாமல் எடுத்துப் போட்டுக்கொள். நேற்று நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும், பயந்திருப்பாய், இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்லி நீ சிவப்பு வண்ணம் அடித்து வைத்துவிட்டுப் போன டின்களில் இருந்த ஆறு ரோஸ்மேரிச் செடிகளும் செத்துவிட்டன. நவம்பர் முடியுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் நான் உனக்கு அனுப்பிய உயரங்கள் என் சொந்தக் கற்பனை. ஆகவே இருபதாம் தேதி கருத்தரங்கில் நீ அந்தக் கட்டுரையை வாசிக்கக் கூடாது. சேர்வராயன் மலை மண்ணில் தினசரித் தண்ணீரை ரோஸ்மேரி தாங்குகிறது, இது புதிய செய்தி என்று உன் பேராசிரியர் மகிழ்ந்துபோயிருப்பதாக வெள்ளிக்கிழமை வந்த உன் கடிதத்தில் படித்தேன். அந்தப் புதிய செய்தி நம் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பென்சிலால் உண்டாக்கப்பட்டது.

எப்படி நடந்தது என்று நீ கேட்பாய், நானும் இரண்டு நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் காட்டிய வெள்ளை டின் ஆறும் கேட்பாரில்லாமல் நன்றாக இருந்தன. சிவப்பில் முதலாவது செப்டம்பர் நடுவில் கீழிருந்து பழுத்துக்கொண்டு வந்தது. தேறிவிடும் என்று நினைத்து அந்த ஞாயிறு போன வார உயரத்தையே மறுபடி எழுதினேன், அது பொய்யில்லை என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமும் அதே உயரம். மூன்றாம் வாரம் செடி விறகாகிவிட்டது, நான் அரை சென்டிமீட்டர் கூட்டினேன். அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. ஒரு வாரம் மூன்றாம் எண் செடிக்கு வளர்ச்சியே இல்லை என்று போட்டேன், எல்லாம் ஒழுங்காக வளர்ந்தால் சந்தேகம் வருமே! இதே வேலைக்காகத்தான் போன வருடம் ஒன்பதாம் வகுப்பு ஞானசுந்தரியின் ரெக்கார்டு நோட்டைக் கிழித்து முதலிலிருந்து எழுத வைத்தேன், அவளுடைய நோட்டில் அவரை விதை நனைப்பதற்கு முதல் நாளே முளைத்திருந்தது. அந்தப் பெண் தேதியில் கோட்டை விட்டாள், நான் தேதிகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன், எம்.எஸ்ஸி. படித்ததன் பயன்.

ஏன் மறைத்தேன் என்றால், கைராசிதான் காரணம். சிரிக்காதே. நான் வைத்தால் புதினாகூடப் பிடிக்காது என்பது நம் குடும்பத்துக்கே தெரிந்த விஷயம், உன் அம்மா பாடம் எடுத்தால் புத்தகத்தில் இருக்கும் செடியும் வாடிவிடும் என்று அத்தா கடையில் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பார், கைராசி என்று ஒன்றும் கிடையாது, வேருக்குக் காற்று வேண்டும், அவ்வளவுதான் என்று நானும் இருபது வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன். நீ புறப்படும்போது, உங்களால முடியுங்களாம்மா, இல்லீனா குப்பாயிகிட்டச் சொல்லிரட்டுமா என்று கேட்டாயே, அது கொஞ்சம் சுருக்கென்றது. ஆறு செடியும் போனவுடன் தண்ணீர்தான் கொன்றிருக்கும் என்று ஒரு தாவரவியல் பட்டதாரிக்குத் தோன்ற வேண்டாமா? எனக்கு என் கைதான் நினைவுக்கு வந்தது. மகளின் ஆராய்ச்சியையும் இந்தக் கை வாடவிட்டது என்று வெட்கமாகிவிட்டது, மூடி மறைத்தேன். இதில் நான் மூடியதுதான் நீ தேடிக்கொண்டிருந்த விடை என்பதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

குப்பாயி அன்றைக்கே சொன்னாள். வீட்டு வேலைக்கு மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியவள் செத்த செடியைப் பிடுங்கிக் கருத்த வேரை மோந்து பார்த்துவிட்டு, ஏனுங்கம்மா, ஊத்தி ஊத்தித்தானுங்க அழுகிப் போச்சு, ஊத்தாத செடியெல்லாம் நொம்ப நல்லாத்தான இருக்குது, பாப்பாளுக்கு ஒரு காயிதம் போட்டுருங்க என்றாள். நான் அவளுக்கு மண்ணின் அமிலத்தன்மையைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, செரிங்கம்மா என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

வெள்ளை டின்களிலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். டிசம்பரில் சேலத்திலிருந்து சையத் இப்ராஹிம் மாமா வந்திருந்தார், இத்தனை நாள் வளர்த்ததைச் சமைத்துக் காட்டுவோம் என்று இரண்டாம் எண்ணிலும் ஐந்தாம் எண்ணிலும் நுனிகளைக் கிள்ளி, கறிவேப்பிலை மாதிரி ஒரு கைப்பிடி காய்ந்த எண்ணெயில் போட்டுக் கறிக் குருமா வைத்தேன். மாமா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஏம்மா பரிதா, சட்டிக்குள்ள தலவலித் தைலம் ஏதாச்சும் கொட்டிக்கிச்சா என்று மரியாதையாகக் கேட்டார். அத்தா, நெஞ்சுச் சளிக்கு நல்லதுங்க மச்சான், தின்னுங்க என்றார். ஆக அந்த இரண்டு செடியின் உயரம் குறைந்ததற்குக் காரணம் குருமா. டீயில் ஒரே ஒரு நுனி போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. விழுந்த இலைகளைக் குப்பாயி தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கிறாள், முடி வளர்கிறதாம், நான் அளந்து பார்க்கவில்லை, என் அளவுகளின் தரம் இப்போது உனக்குத் தெரியும்.

தந்தி கொடுத்த கதை வேறு. கட்டுரை வாசிக்காதே, எண்கள் பொய், கடிதம் வருகிறது, அம்மா என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். தபாலாபீஸ் தேவசிகாமணி அதைப் பத்துப் பேர் காதில் விழ வாசித்துவிட்டு, ஏனுங்க டீச்சர், பொய்யின்னு போடறதுக்குத் தப்புன்னு போட்டாக் கேக்கறதுக்கு மரியாதையா இருக்குமுங்களே என்றார். தப்பு என்று போட்டால் நீ கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துவிட்டு வாசிக்கப் போய்விடுவாய், பொய்யே இருக்கட்டுங்க என்றேன். மத்தியானம் சாப்பிட வந்த அத்தா, என்ன புள்ள, லக்னோ வரைக்கும் பொய் சொல்லி அனுப்பிச்சியாமே, கடைக்கு வர்றவனெல்லாம் பருப்புக் கேக்கறதுக்கு முன்னால இதக் கேக்கறான் என்றார். பிறகு நான் உயரங்களை எழுதி வந்த நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், வழக்கமான கேலி எதுவும் செய்யவில்லை, புள்ள கோவிச்சுக்கும், ஆனா சொல்லிப்போட்ட, அது போதும் என்று மட்டும் சொன்னார். கோபித்துக்கொள், உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஒரு வருட வேலை போயிற்றா, ஏதாவது மிஞ்சுமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆறுதலாக எதையாவது எழுதினால் அதுவும் கற்பனையாகிவிடும்.

இத்துடன் ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன், உன் பேராசிரியருக்கு. எந்தத் தேதி வரை நிஜமாக அளந்தேன், எங்கிருந்து இட்டுக்கட்டினேன், ஒவ்வொரு செடியும் எந்த வாரம் செத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்காவதும் ஆறாவதும் எந்த வாரம் என்று நினைவில்லை, நினைவில்லை என்றே எழுதியிருக்கிறேன். தவறு உன்னுடையதல்ல என்று அதில் இருக்கிறது, அம்மாவைக் காட்டிக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டு தாளைப் பெட்டியில் வைத்துவிடாதே, கிடைத்த அன்றே கொடு. இன்று காலை வெள்ளை ஆறையும் குப்பாயியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அளந்தேன், அந்த எண்களும் அதே தாளின் கீழே இருக்கின்றன.

கட்டுரையின் முடிவில், அளவுகள் எடுத்தவர் என் தாயார் திருமதி பரிதா, எம்.எஸ்ஸி. என்று நன்றி சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். கல்யாணப் பத்திரிகைகளைத் தவிர என் பெயர் எங்கும் அச்சானதில்லை, அதனால் அந்த வரியை வெள்ளிக்கிழமை நான்கு முறை படித்தேன், தந்தி அடிக்க நேற்று வரை தாமதித்ததற்கு அதுதான் காரணம். அந்த வரியை அடித்துவிடு. இந்த நோட்டை மறுபடி எழுத யாரை வைத்துக்கொள்வது என்று நீயே முடிவு செய், என்னை வேண்டாம் என்றால் தயங்காமல் எழுது, நான் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். நானே எழுதலாம் என்று நீ சொன்னால் அந்தத் தாளில் இருக்கும் நிஜ எண்களிலிருந்தே தொடங்குவேன்.

அல்லாஹ் உன் கல்வியில் பரக்கத்தும் உன் மனசுக்கு அமைதியும் தருவானாக. நேரத்துக்குச் சாப்பிடு. தாள் பேராசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு கார்டு போடு, அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

வஸ்ஸலாம்.

உன் அம்மா,
பரிதா