மைக் செட்டில் கேட்ட துப்பாக்கி

ஜனவரி 18, 2024

என் தோழி நூர்ஜஹானின் வாப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த விஆர் கண்ணாடி இப்போது இரவலாக என்னிடம். மாட்டிச் சுடும் ஆட்டத்தில் இறங்கினால் நான் வேம்பு இல்லை, பட்டாளம். சுவரோரம் பதுங்கினேன், குண்டு காதை உரசிப் போனது. குனிந்த வேகத்தில் அம்மாவின் தண்ணீர்க் குடம் உருண்டது. வீரம் கொஞ்சம், ஈரம் நிறைய.

ஜனவரி 21

வந்தவன் அத்தனை பேரையும் சுட்டேன். ஏன் இவ்வளவு பிடிக்கிறது? அங்கே யாரும் "ஏ புள்ள, ஓரமா நில்லு" என்று சொல்வதில்லை. அதனாலா?

ஜனவரி 27

தாத்தா காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்கு உழும் அறக்கட்டளை நிலத்தை மனை போட விற்றுவிட்டார்களாம். திங்களன்று அளக்க வருகிறார்கள். கல் நட்டுவிட்டால் நிலம் போச்சு என்கிறார் அப்பா. நட விடாமல் தெருவே வரப்பில் உட்காரப் போகிறது. மைக் செட் தியாகராசன் சித்தப்பாவுடையது. ஊருக்காக எதையும் தியாகம் செய்வார், மைக்கைத் தவிர. அவர் பேச்சை நிறுத்த என் போனில் மருந்து இருக்கிறது.

ஜனவரி 29

சும்மா சிரிக்கத்தான் செஞ்சேன். சித்தப்பா தண்ணி குடிக்க நிறுத்தினதும், பதிஞ்சு வெச்சிருந்த ஆட்டத்துச் சத்தத்தை ப்ளூடூத்ல மைக் செட்டுக்கு அனுப்பினேன். அவ்வளவுதான். ஆனா குழாய் ஸ்பீக்கர்ல அது ஆட்டம் மாதிரியே இல்லை. "சுடுறானுங்க"ன்னு யாரோ கத்தினாங்க. முன்னே ஒரு தடவை துப்பாக்கிச் சூடு பார்த்த ஊர் இது, பெரியவங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். விழுந்தடிச்சு வாய்க்கால்ல இறங்கினாங்க. காத்தாயி அத்தைக்கு இடுப்பெலும்பு போச்சு. போலீஸ், நாங்கதான் சுட்டோம்னு தடியோட வந்துட்டாங்க. அப்பா மட்டும் ஓடலை. அவரை ஏத்திட்டுப் போயிட்டாங்க.

சத்தத்தை நிறுத்தத்தான் பார்த்தேன். விரல் வழுக்கிச்சு.

ஜனவரி 30

அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். நாட்டுத் துப்பாக்கியை எங்கே ஒளித்தாய் என்று அப்பாவைக் கேட்கிறார்களாம். போனை நீட்டி அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் கடைசி வரை கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இதுவா? நீ எந்த லெவல்மா?"

அவரும் ஆடுகிறவர். லெவலைச் சொன்னேன். அப்பாவை விடவில்லை. எழுதின கேஸ் எழுதினதுதானாம்.

பிப்ரவரி 1

கல் நட்டாச்சு. வரப்பில் ஒரு ஆள் இல்லை.

பிப்ரவரி 14

அப்பா ஜாமீனில் வந்தார். நான்தான் செய்தேன் என்று சொன்னேன். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எங்க, அதப் போடு. கேக்குறேன்."

கண்ணாடியையே மாட்டிவிட்டேன். முதலில் பயந்தார். பிறகு கழற்றவில்லை.

மார்ச் 9

அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறாள். அப்பாவுக்குப் போக வயல் இல்லை. நூர்ஜஹான் கண்ணாடியைத் திருப்பிக் கேட்கிறாள். அவரிடம் எப்படிக் கேட்பது?

சாப்பிடக் கூப்பிட்டேன். சுவரோரம் குனிந்து நின்றிருந்தார்.

"இரு புள்ள. எல்லைக்குள்ள இன்னும் நாலு பேரு நிக்கிறானுங்க."

குடத்தை நகர்த்தி வைத்தேன்.