பின் சீட்டில் உன் பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை.

அப்பாவின் காரைப் பற்றி அலுவலகத்தில் ஒருவரிடம் சொன்னேன். பழைய கார் என்றால் உயிரை விடுகிற மனிதர். அந்த மாடலில் உலகத்திலேயே பதினொன்றுதான் மிச்சமாம். முழுக் காரும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

லீவு கேட்டிருக்கிறேன். வந்ததும் அந்தப் பின் சீட்டில் படுக்க வேண்டும். உன் பக்கம், என் பக்கம் என்று நான் பேனாவால் கிழித்த கோடு இருக்கிறதா? அம்மா போன பிறகு அங்கே எனக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

உன் வாலு

மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

இருக்கேன். பட்டறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் கம்பி வேலை. இந்தக் கடிதத்தோடு படம் வைத்திருக்கிறேன். முன்விளக்கு இரண்டையும் துடைத்துத் துடைத்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம். கோடு இருக்கிறது. லீவு கிடைத்ததும் எழுது.

அண்ணன்

ஏப்ரல் 25

அண்ணனுக்கு,

மூன்று வருடமாக நீ அனுப்பிய படங்களையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாமே காரின் முகம்தான். இந்த முறை பின்னால் கண்ணாடிக் கடை இருந்ததை நீ கவனிக்கவில்லை. அந்தக் கடைக் கண்ணாடியில் காரின் பின்பக்கம் தெரிகிறது. பாதிக் கூரை இல்லை. சீட் இருந்த இடத்தில் பலகைத் தொட்டி, அதில் இரும்புக் கம்பிகள்.

கம்பி ஏற்ற உனக்கு வேறு வண்டியே கிடைக்கவில்லையா? நம் இருவருக்கும் சேர்த்துத்தானே அப்பா விட்டுப் போனார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

லீவு கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் தங்கை

மே 10

வாலு,

அதில் முதலில் ஏற்றியது கம்பியை அல்ல, அம்மாவை.

இடுப்பு உடைந்ததும் அம்மாவால் உட்கார முடியவில்லை. வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் வந்த நாளைவிட வராத நாள்தான் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கூரையை வெட்டி, கட்டில் போகிற அளவுக்குப் பலகை அடித்தேன். அம்மா வானத்தைப் பார்த்தபடி வருவாள். "உங்கப்பா என்னை முன் சீட்ல உக்கார விட்டதில்லடா. நீ படுக்க வெச்சே ஊர்வலம் விடுறே" என்று சிரிப்பாள்.

நீ அப்போது வயிற்றில் பிள்ளையோடு, பயணம் செய்ய முடியாமல் இருந்தாய். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். தூக்கத்தில் போனாள் என்று நான் எழுதியது பொய். திரும்பி வரும் வழியில், அந்த வண்டியில்தான் போனாள். வாசலில் நிறுத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை அவளோடு பேசிக்கொண்டுதான் ஓட்டினேன். இதை உனக்கு எழுதப் பயமாக இருந்தது.

சீட்டை நான் தூக்கிப் போடவில்லை. கூடத்தில் சுவரோரம் கிடக்கிறது. வீட்டில் பேச ஆளில்லை. நான் அதில்தான் தூங்குகிறேன். என் பக்கம் ஸ்பிரிங் அமுங்கிவிட்டது. உன் பக்கம் அப்படியே இருக்கிறது. கோட்டைத் தாண்டுவதில்லை. காலை மடக்கிக்கொண்டால் போதும்.

அண்ணன்