வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை

என் அன்பு மனைவி வாயாடிக்கு,

உன் அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு இடுப்பு வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது. இன்னும் தானாக எழுந்து நிற்க முடியவில்லை, ஆனால் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிறார்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நான் தும்மினால் அத்தை அங்கிருந்து மாத்திரை பெயர் சொல்கிறார். அவர் காதில் விழக்கூடாத விஷயம் இது.

வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற அந்த ஓட்டல் வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் சுற்றுக்கு, ஓட்டலில் தங்கியவர்கள் அனுப்பிய புகார்களுக்குப் பதில் எழுதித் தரச் சொன்னார்கள் அல்லவா? பிரமாதம் என்று பாராட்டினார்கள். பயண ஏஜென்சியில் இத்தனை வருடம் திட்டு வாங்கியது வீண்போகவில்லை என்று நானும் பூரித்துப்போனேன். அப்புறம் நேர்காணலை இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள். இரண்டு தடவையும் நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் செய்தி வந்தது.

நேற்று ஒருவழியாக நடந்தது. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போய், கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்த முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீங்க போங்க சார், ஜெயிச்சுட்டு வாங்க" என்று அவசரத் தையலை அப்படியே மடித்து வைத்துவிட்டார். அத்தையும், "நான் மூச்சு காட்ட மாட்டேன் மாப்பிள்ளை" என்றார்.

திரையில் ஒரு பெண் இருந்தாள். மேனேஜர் முகத்தைக் காட்டவே இல்லை. என் ஹெட்போனில் எதையோ மென்று தின்னும் சத்தம் மட்டும் வந்தது. என் அனுபவத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்க உக்காந்து வேலை பார்ப்பீங்க? கேமராவைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்க" என்றார். காட்டினேன். கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளும், மூலையில் இருந்த சக்கர நாற்காலியும் அவர் கண்ணில் பட்டன. யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். மாமியார் என்றேன். மனைவி எங்கே என்று கேட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றேன்.

"அப்ப அவங்க ஊர்ல உள்ள அம்மாக்களை எல்லாம் பாத்துக்கிறாங்க, நீங்க அவங்க அம்மாவைப் பாத்துக்கிறீங்க. நல்ல ஏற்பாடுதான் சார்" என்று சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் வாய் கசக்கிறது.

கடைசியில், வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றார். அது ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். வீட்டிலிருந்தே வேலை என்றுதானே விளம்பரம் என்று கேட்டேன். "மீதி நாள் வீட்லேருந்துதான சார்" என்றார். அப்போதும் எனக்கு ரோஷம் வரவில்லை. வருகிறேன் என்றேன். "அப்ப மாமியாரை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். பலகைத் தடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். திரை அணைந்தது. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள், எதிர்காலம் சிறக்க வாழ்த்தி அவர்கள் மெயில் வந்துவிட்டது.

அத்தையின் அறைக்குப் போனேன். இருமல் வெளியே கேட்காமல் இருக்க, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. படுக்கை முழுக்க நனைந்து கிடந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று கத்திவிட்டேன். "நீங்க பேசிட்டிருந்தீங்க மாப்பிள்ளை. என்னால கெட்டுப்போயிடக் கூடாதுன்னு அடக்கிப் பார்த்தேன், முடியல" என்றார். அடுத்த மூச்சில், "கெடச்சுதா?" என்று கேட்டார்.

அந்தக் கோலத்தில் இருப்பவரிடம் என்ன சொல்வது, நீயே சொல். கிடைத்துவிட்டது என்றேன். ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எம்பொண்ணு வந்துருவால்ல?" என்றார். துணி மாற்றிவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

போனில் அத்தை இதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டால் நீ மறுத்துப் பேசாதே. பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த மாதம் வேலையை விடுவதாகத் தலைமை நர்ஸிடம் சொல்லப்போவதாகச் சொன்னாயே, சொல்லாதே. சொல்லிவிட்டிருந்தால், இன்றைக்கே போய் வேண்டாம் என்று சொல். வீட்டுக்காரர் அவசரப்பட்டுவிட்டார் என்று பழியை என்மேல் போடு.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இங்கே எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்வேன். இனி போனில் பேசும்போது, எப்போது வருகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். ஏன் கேட்கவில்லை என்று நீயும் கேட்டுவிடாதே.

உன் நினைப்பாகவே இருக்கும்,
உன் வீட்டுக்காரன்